பழைய கேப்ஓவர் லாரி: என்ஜினைப் பார்த்து அல்ல, கேபினைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: பல வருடம் பானட் வைத்த லாரி ஓட்டியவன் நான். இப்போது சொந்தத் தொழில். மாதத்தில் சில நாள், குறைந்த தூரம் லோடு அடிக்க ஒரு பழைய கேப்ஓவர் லாரி வாங்க நினைக்கிறேன். முன்னால் பானட் இல்லாமல், கேபின் என்ஜினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்குமே, கேபினை முன்னால் சாய்த்து என்ஜினைப் பார்ப்பார்களே, அந்த வகை. அந்தத் தட்டை முகத்தின் மேல் சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிரியம். ஒரே மாடலில் இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் முப்பது வருடத்துக்கு மேற்பட்டவை, இரண்டிலும் படுக்கை உண்டு, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் வண்டியில் என்ஜின் வேலை முடித்து வைத்திருக்கிறார்கள், செல்ஃப் அடித்த உடனே எடுக்கிறது. ஆனால் நான்கு வருடமாக ஓடாமல் நிற்கிறது. கேபினைத் தூக்கினால் பாதியில் நின்று மெதுவாக இறங்கிவிடுகிறது. "ஒரு சீல் கிட் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் விற்பவர். இரண்டாவது வண்டி ஓட்டத்தில் இருக்கிறது. கேபின் நன்றாக இருக்கிறது, ஆனால் புகை தள்ளுகிறது, மேட்டில் இழுவை குறைவு. எதை வாங்கலாம்? பராமரிப்பை நானே பார்த்துக்கொள்ள முடியுமா? கேபினுக்குள் என்ஜின் சூடு தாங்காது என்கிறார்களே, வழி உண்டா? இந்த வகை வண்டியே ஆபத்து என்று அண்ணன் தடுக்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது வண்டியை வாங்குங்கள். புகை தள்ளுகிறதே, அதைத்தான் சொல்கிறேன். பானட் லாரியில் பழகியவர்கள் முதலில் என்ஜினைத்தான் பார்ப்பார்கள். அந்த வண்டிகளுக்கு அது பொருத்தமான பழக்கம். பழைய கேப்ஓவரில் கணக்கு வேறு.

அந்தக் காலத்துக் கனரக டீசல் என்ஜின்கள் ஒரு லாரிக்காக மட்டும் செய்யப்பட்டவை அல்ல. கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், கேட்டர்பில்லர் என்ஜின்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதே குடும்பத்து என்ஜின்கள் பேருந்தில் ஓடின, படகில் ஓடின, ஜெனரேட்டரிலும் மண் அள்ளும் இயந்திரங்களிலும் ஓடின. அதனால் பிஸ்டன், லைனர், பேரிங், கேஸ்கட் எல்லாம் இன்றும் யாரோ ஒருவர் செய்துகொண்டுதான் இருக்கிறார். கேபின் அப்படியல்ல. அது அந்த மாடலுக்கு மட்டுமே உரியது. உற்பத்தி நின்ற பிறகு முன்கண்ணாடி, அதைச் சுற்றி வரும் ரப்பர், கதவு, கதவுக் கீல், டாஷ்போர்டு, படிக்கட்டுப் பெட்டி, கேபினைத் தாங்கும் கீல் எல்லாம் பழைய வண்டியிலிருந்து கழற்றினால்தான் உண்டு என்ற நிலை வந்துவிடும். என்ஜினுக்குப் பணம் இருந்தால் போதும். கேபினுக்குப் பணத்தோடு அதிர்ஷ்டமும் வேண்டும்.

எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. அது முக்கியம். அமெரிக்காவில் பல மாநிலங்கள் லாரியையும் டிரெய்லரையும் சேர்த்து மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்திருந்த வரை, கேபினைச் சுருக்கி டிரெய்லரை நீட்ட கேப்ஓவர் கைகொடுத்தது. 1982-ல் வந்த தரைவழிப் போக்குவரத்து உதவிச் சட்டத்துக்குப் பிறகு முக்கிய நெடுஞ்சாலைகளில் டிரெய்லரின் நீளம் மட்டுமே கணக்கு என்று ஆனது. பானட் வண்டிகள் திரும்பி வந்தன. ஃபிரைட்லைனர் ஆர்கோசி 2006-ல் வட அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியதோடு அங்கே பெரிய நெடுந்தூரக் கேப்ஓவரின் காலம் ஏறக்குறைய முடிந்தது. எனவே கென்வொர்த் கே100, பீட்டர்பில்ட் 362 போன்ற வண்டி என்றால் கேபின் சாமானுக்குத் தேடி அலையத் தயாராக இருங்கள். ஐரோப்பாவில் டிரெய்லரோடு சேர்ந்த மொத்த நீளத்துக்கு 16.5 மீட்டர் வரம்பு இருப்பதால் அங்கே கேப்ஓவர்தான் இன்றும் வழக்கம். ஜப்பானிய வண்டிகளும் அப்படியே. அந்த வகை என்றால் சாமான் கொஞ்சம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் முப்பது வருடத்துக்கு முந்தைய தலைமுறைக் கேபினுக்கு இன்றைய தலைமுறையின் பாகம் பொருந்தும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

நான் சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டாவது வண்டியின் என்ஜின் தகட்டைப் படியுங்கள். லாரி நிறுவனமே சொந்தமாகச் செய்து, இந்த ஒரு மாடலில் மட்டும் போட்டுவிட்டு நிறுத்திய என்ஜின் என்றால் என் கணக்கு தலைகீழாகும். அந்தத் தகட்டில் உள்ள எண்ணை வைத்துக்கொண்டு லைனர் கிட், தலை கேஸ்கட், தண்ணீர் பம்ப், இன்ஜெக்டர் நாசில் ஆகிய நான்கும் கிடைக்குமா என்று கடைகளில் விசாரியுங்கள். நான்கும் கிடைத்தால் அந்த என்ஜினைப் பற்றிக் கவலை வேண்டாம்.

முதல் வண்டியைப் பற்றி விற்பவர் சொல்வது முழுப் பொய்யாக இருக்காது. கேபினைச் சாய்க்கும் அமைப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கை பம்ப், எண்ணெய் இருக்கும் சின்ன டேங்க், தூக்க இறக்கத் திசை மாற்றும் வால்வு, ஒன்று அல்லது இரண்டு சிலிண்டர், இவற்றை இணைக்கும் ஹோஸ்கள். சில சின்ன லாரிகளில் ஹைட்ராலிக்கே கிடையாது, முறுக்குக் கம்பியின் விசைதான் கேபினைத் தூக்கக் கைகொடுக்கும். தூக்கிய கேபின் மெதுவாக இறங்குகிறது என்றால் சிலிண்டருக்குள் பிஸ்டன் சீலைத் தாண்டி எண்ணெய் போகிறது, அல்லது பம்ப் வால்வு சரியாக உட்காரவில்லை. இந்த இரண்டும் சீல் கிட் விஷயம்தான். ஆனால் பாதியில் நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. எண்ணெய் குறைந்திருக்கலாம், காற்று புகுந்திருக்கலாம். முன்பக்கக் கீலில் கிரீஸ் காய்ந்து, கீல் ஆணி துருப்பிடித்து இறுகியும் இருக்கலாம். இறுகிய கீலை பம்பால் வலுக்கட்டாயமாகத் தூக்கிக்கொண்டே இருந்தால் கீலைத் தாங்கும் பிராக்கெட் விரிசல் விடும். அது சீல் கிட்டோடு முடியாது.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. தூக்க முடியாத கேபினுக்குக் கீழே இவ்வளவு காலமாக யாரும் கண் வைத்துப் பார்க்கவில்லை. கேப்ஓவரில் டிப் ஸ்டிக்கும் தண்ணீர் ஊற்றும் வாயும் மட்டும் கேபினைத் தூக்காமலே எட்டும் இடத்தில் இருக்கும். அந்த வசதியே பல வண்டிகளைக் கெடுத்தது. எண்ணெய் பார்த்தாயிற்று, தண்ணீர் பார்த்தாயிற்று, வண்டியை எடு என்று கிளம்பிவிடுவார்கள். பானட் வண்டியில் மூடியைத் தூக்கினால் உராய்கிற ஹோஸும் கசிகிற பம்பும் தானாகக் கண்ணில் படும். இதில் அவை தெரிய வேண்டுமென்றால் கேபின் முழுசாகச் சாய வேண்டும். அதனால் எந்தக் கேப்ஓவரை வாங்கினாலும் முதல் செலவு சாய்க்கும் அமைப்புக்குத்தான். டயர், பெயின்ட், சீட் எல்லாம் பிறகு.

கேபினைச் சாய்க்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பானட் வண்டியிலிருந்து வருகிறவருக்கு இந்தப் பழக்கம் இருக்காது. இதில் அலட்சியமாக இருந்து உயிர் விட்டவர்கள் உண்டு.

வண்டி சமதரையில் நிற்க வேண்டும். பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். கேபினுக்குள் கழன்று கிடக்கிற எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். படுக்கைக்கு அடியில் மறந்துபோன ஒரு ஸ்பேனர் போதும், கேபின் சாயும்போது நேராக முன்கண்ணாடியில் போய் விழும். அந்தக் கண்ணாடிதான் கிடைக்காத சாமான் என்று மேலே சொன்னேன். இரண்டு கதவும் முழுசாகப் பூட்டியிருக்க வேண்டும், பாதி மூடிய கதவு சாயும்போது திறந்து கீலைத் திருகிவிடும். முன்னால் போதிய இடம் இருக்கிறதா, மேலே கூரையோ கம்பியோ இடிக்குமா என்று பாருங்கள். கேபினுக்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாது.

சாய்க்க ஆரம்பித்தால் கடைசி வரை சாயுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு "ஒரு நிமிட வேலைதானே" என்று கீழே குனியவே வேண்டாம். படுக்கை வைத்த கேபினின் எடை ஆயிரம் கிலோவை எட்டக்கூடும். ஹைட்ராலிக் அதைத் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்கிப் பிடிப்பதற்கு அல்ல. முழுச் சாய்வுக்குப் போன பிறகு, நிறுவனம் கொடுத்திருக்கும் பாதுகாப்புத் தாங்கி அல்லது பூட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கை உள்ளே போக வேண்டும். முதல் வண்டியை இன்னொரு முறை பார்க்கப் போனால் அந்தப் பாதி தூக்கிய கேபினுக்குக் கீழே தலையை நீட்டாதீர்கள். டார்ச் அடித்துப் பார்க்கக்கூட வேண்டாம்.

இறக்கும்போதும் அதே கவனம் வேண்டும். பின்பக்கப் பூட்டுகள் இரண்டு பக்கமும் விழுந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு இருந்தாலும் கண்ணால் பாருங்கள், முப்பது வருடத்துச் சுவிட்சை நம்ப முடியாது. பூட்டு விழாத கேபினோடு ஓட்டி, பலமாகப் பிரேக் அடித்தால் கேபின் முன்னால் கிளம்பும். உள்ளே இருக்கிறவரால் ஒன்றும் செய்ய முடியாது.

கீலில்தான் இந்த வண்டியின் ஆயுள் இருக்கிறது. கேபினுக்கும் சேஸுக்கும் நடுவில் போகிற எல்லாமே அதை ஒட்டித்தான் போகும். பிரேக் பெடல் வால்வுக்கும் மீட்டருக்கும் போகிற காற்றுக் குழாய்கள், கிளட்ச் லைன், ஆக்சிலேட்டர் கேபிள், ஹீட்டருக்கான சுடுதண்ணீர் ஹோஸ், மொத்த வயரிங் எல்லாம் அங்கே கூடும். கேபின் ஒவ்வொரு முறை சாயும்போதும் அத்தனையும் வளைந்து நிமிரும். உதவிக்கு ஒருவரைப் பம்ப் அடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பக்கவாட்டில் எட்ட நின்று அந்த இடத்தை மட்டும் பாருங்கள். எது இழுபடுகிறது, எது உராய்கிறது, எது விளிம்பில் மாட்டுகிறது என்று அப்போதுதான் தெரியும். வயது தெரியாத ரப்பர் ஹோஸ் என்றால் ஒவ்வொன்றாக வெடிக்கும் வரை காத்திருக்காமல் அந்தக் கட்டு முழுவதையும் ஒரே முறையில் மாற்றிவிடுங்கள்.

ஸ்டீயரிங் ராடும் அங்கேதான். ஸ்டீயரிங் வீல் கேபினில், ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸில். இடையில் நீண்டு குறுகும் பல்வரிசைத் தண்டும் யுனிவர்சல் ஜாயின்ட்டும் இருக்கும். தண்டு கிரீஸ் இல்லாமல் காய்ந்தால் வண்டி குலுங்கும்போது ஸ்டீயரிங்கில் உதைப்பு வரும். தேய்ந்தால் ஆட்டம் வரும். ஆட்டம் இருந்தால் பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். கியரிலும் அதே கதைதான். லிவரிலிருந்து கியர்பாக்ஸ் வரை நீண்ட கம்பிகள், ஜாயின்ட்கள், புஷ்கள். ஒவ்வொரு புஷ்ஷிலும் கொஞ்சம் தேய்மானம் சேர்ந்தால் கடைசியில் லிவர் எந்தக் கியரில் இருக்கிறது என்றே தெரியாது. கேபினைத் தாங்கும் ரப்பர்கள் அமுங்கிப் போனாலும் இதே தொந்தரவு வரும், கேபின் இறங்கினால் லிவரும் சேர்ந்து இறங்குகிறதே. கியர் சரியாக விழவில்லை என்று கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பிரித்தவருக்குக் கிடைத்தது நல்ல கியர்பாக்ஸ். பழுது வெளியே புஷ்ஷில் இருந்தது.

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்ல மாட்டார்கள். கேபின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கு எர்த் போவது ஒரு பின்னல் பட்டை வழியாகத்தான். அது அரித்துப் போனால் மீட்டர்கள் ஆடும், விளக்கு மங்கும், கேபிளும் கம்பிகளும் எர்த் ஆகிச் சூடேறும். வயரிங்கைத் தொடுவதற்கு முன் அந்தப் பட்டையை மாற்றுங்கள். பாதி மின்சாரக் கோளாறு அதோடு போய்விடும்.

இரண்டாவது வண்டியின் கேபின் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெயின்ட்டைப் பார்த்துச் சொன்னீர்களா, தகரத்தைப் பார்த்துச் சொன்னீர்களா? தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். முன்கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், படிக்கட்டுக் குழி, கதவின் அடி விளிம்பு, படுக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டி, கேபினின் பின் மூலைகள், இங்கேதான் தண்ணீர் தங்கும். இரும்புத் தகரத்தை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள், சத்தம் மொத்தையாக வந்தால் உள்ளே ஒன்றும் இல்லை, பெயின்ட்டும் புட்டியும்தான். அலுமினியக் கேபின் என்றால் துரு இருக்காது. ஆனால் இரும்பு பிராக்கெட் அலுமினியத்தைத் தொடுகிற இடம் வெள்ளைப் பொடியாக அரித்திருக்கும். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு வழிந்திருந்தால் அந்த ரிவெட் தளர்ந்து ஆடுகிறது என்று அர்த்தம். சில ரிவெட் மாற்றுவது எளிது. கீலுக்குப் பக்கத்தில் வரிசையாகத் தளர்ந்திருந்தால் அந்த வண்டி வேண்டாம். சேஸில் இரட்டைத் தகடு வைத்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் துரு ஊதித் தகட்டைப் பிரித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, புகைக்கு வருவோம். நிறத்தைப் பாருங்கள். இழுவை குறைந்து கறுப்புப் புகை வந்தால் என்ஜினுக்குக் காற்று போதவில்லை அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை. ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து வரும் ஹோஸில் ஓட்டை, தேய்ந்த இன்ஜெக்டர் என்று இந்த வரிசையில் பாருங்கள். பல நேரம் ஹோஸ் கிளிப்போடு முடிந்துவிடும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. டர்போ சீலா, வால்வு கைடா, ரிங்கா என்று பிரித்தறிய வேண்டும். கிரான்க்கேஸ் மூச்சுக்குழாயிலிருந்து ஐட்லிங்கில் காற்று விடாமல் தள்ளினால் ரிங், லைனர் பக்கம் சந்தேகப்படலாம். என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் கூலன்ட்டும் குறைந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. ரேடியேட்டர் பக்கம் குமிழி வருகிறதா, எண்ணெய் பால் மாதிரி ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த என்ஜினை உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். எண்ணெய் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அதில் இருக்கும் உலோகத் துகளையும் கூலன்ட் கலப்பையும் வைத்து உள்ளே என்ன தேய்கிறது என்று சொல்வார்கள். அதற்கு ஆகிற செலவை யோசிக்க வேண்டாம். மோசமான முடிவு ரிங்கும் லைனரும் என்றால்கூட, கேபின் சாய்ந்த கேப்ஓவரில் என்ஜின் நாலு பக்கமும் திறந்து கிடக்கும். இந்த வண்டியில் என்ஜின் வேலை செய்வது மெக்கானிக்குக்கு சுகம்.

என்ஜின் ஈர லைனர் வகை (பிஸ்டன் ஓடும் லைனரின் வெளிப்பக்கத்தைக் கூலன்ட் நேராகத் தொடும் வகை) என்றால் கூலன்ட்டை வெறும் தண்ணீராக விடாதீர்கள். ஓடும்போது லைனர் அதிர்ந்து அதன் வெளிப்பக்கத்தில் நுண்குமிழிகள் உருவாகி வெடிக்கும், அந்த இடம் குழிகுழியாக அரித்துக் கடைசியில் துளை விழும். அதைத் தடுக்கத்தான் கூலன்ட்டோடு சேர்க்கும் பாதுகாப்பு மருந்து. அளவைச் சோதிக்கத் தாள் கிடைக்கிறது. குறைந்தாலும் கெடுதல், அளவுக்கு மீறிப் போட்டாலும் படிவு கட்டும். முதல் வண்டியின் புது என்ஜினில் நான்கு வருடமாக என்ன தண்ணீர் நிற்கிறதோ, அதையும் நினைத்துப் பாருங்கள்.

கேபின் சூடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்ஜின் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது, சூடே வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாங்க முடியாத சூடு என்றால் அது பழுது. என்ஜின் மூடியின் விளிம்பு ரப்பர் காய்ந்திருக்கும், தரையில் கேபிள் போகிற ஓட்டைகளின் அடைப்பான்கள் உதிர்ந்திருக்கும், ரேடியேட்டரைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்புகள் கிழிந்து சூடான காற்றே சுற்றிச் சுற்றி உள்ளே வரும். இவற்றை அடைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். சூடு வருகிற ஓட்டையில் புகையும் வரும் என்பதை மறக்காதீர்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலோ டர்போ இணைப்பிலோ கரி படிந்த கோடு தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், அதுவரை படுக்கையில் யாரும் தூங்கக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதற்கான அலாரம் ஒன்று கேபினில் இருக்கட்டும். மூடியின் உள்பக்கச் சூடு தடுப்பு, எண்ணெயில் ஊறியிருந்தால் கழற்றி எறியுங்கள், தீப்பிடிக்கக் காத்திருக்கும் பொருள் அது. ஆனால் அந்தக் கால வண்டியில் சூடு தடுப்பிலும் பிரேக் லைனிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்று அடித்துத் தூசு கிளப்பாதீர்கள். கழற்றுவதற்கு முன் நனைத்து, அதற்கென்று உள்ள முகக்கவசம் போடுங்கள்.

ஏர் பிரேக் நீங்கள் அறிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். காற்று டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் வடியுங்கள். அமெரிக்க ஓட்டுநர் கையேடுகள் சொல்லும் சோதனை எந்த வண்டிக்கும் பொருந்தும்: காற்று முழுசாக ஏறியதும் என்ஜினை நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி ஒரு நிமிடம் மீட்டரைப் பாருங்கள். தனி வண்டியில் 3 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) மேலும், டிரெய்லரோடு 4 பிஎஸ்ஐக்கு மேலும் இறங்கக்கூடாது. பழைய வண்டிகளில் ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் நெம்புகோல்) பெரும்பாலும் கையால் திருப்பும் வகை, தானாகச் சரிசெய்துகொள்ளாது. சாதாரண 30 வகை சேம்பரில் (காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் டப்பா) தண்டு 2 அங்குலத்துக்கு மேல் வெளியே வந்தால் பிரேக் வரம்பைத் தாண்டிவிட்டது.

பராமரிப்பை நீங்களே பார்க்கலாம், தாராளமாக. கிரீஸ், எண்ணெய், ஃபில்டர், கூலன்ட், புஷ், ஹோஸ், வயரிங், கேபின் ரப்பர் எல்லாம் உங்கள் கைக்குள் அடங்கும். தொடக்கூடாதவை சில உண்டு. ஸ்பிரிங் பிரேக் சேம்பரின் வளையத்தைக் கழற்றவே வேண்டாம், உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் உயிரை எடுக்கும். பல துண்டு ரிம் இருந்தால் காற்றுப் பிடிப்பது, ரிம் வளையம் தெறித்தால் தடுக்கும் இரும்புக் கூண்டு வைத்திருக்கும் இடத்தில்தான். முடிந்தால் அந்த ரிம்மையே மாற்றிவிடுங்கள். டீசல் பம்ப் செட்டிங், ஸ்டீயரிங் பாக்ஸ், கீல் பிராக்கெட் வெல்டிங் மூன்றும் அந்தந்த வேலை தெரிந்தவரிடம் போகட்டும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது வேறு. மாதத்தில் சில நாள்தான் ஓடும் என்கிறீர்கள். பழைய லாரி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவது அதிகம். கிளட்ச் தட்டு ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும், பிரேக் டிரம் துருவேறும், டீசல் டேங்கில் தண்ணீர் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும், சீல்கள் காயும். நிறுத்திவைத்த வண்டியை வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது கெடுதல். எண்ணெய் சூடேறாமல் உள்ளே ஈரம்தான் சேரும். எடுத்தால் லோடோடு, என்ஜின் முழுச் சூட்டுக்கு வந்து அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கும் வரை ஓட்டுங்கள். இல்லையென்றால் எடுக்கவே வேண்டாம். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் டேங்கை நிரப்பி வையுங்கள், சமதரையில் கட்டை கொடுத்துவிட்டு பிரேக்கைத் தளர்த்தி வையுங்கள், பேட்டரியைத் துண்டியுங்கள். டயரின் பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அந்த எண் மூன்று இலக்கமாக இருந்தால் அந்த டயர் 2000-க்கு முந்தியது. பேரம் பேசும்போதே புது டயர் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் சொல்வதில் பாதி சரி, அவரிடம் அதை ஒப்புக்கொள்ளுங்கள். எதிரே மோதினால் பானட் வண்டியில் உங்களுக்கு முன்னால் நசுங்க இடம் இருக்கிறது. இதில் இல்லை. பழைய கேபின்கள் இன்றைய மோதல் சோதனைகளை எண்ணி வடிவமைத்தவையும் அல்ல. எனவே முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளியை நீங்கள் பழகியதைவிட அதிகமாக விடுங்கள். சீட் பெல்ட் இல்லையென்றால் முறையான இடத்தில் பொருத்தாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ஓட்டும் விதமும் மாறும். பானட் வண்டியில் முன்சக்கரம் உங்களுக்கு முன்னால் இருந்தது. இதில் நீங்கள் சக்கரத்துக்கு மேலே, அல்லது அதற்கும் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். பழைய பழக்கத்தில் திருப்பினால் சீக்கிரம் திருப்பிவிடுவீர்கள், பின்சக்கரம் ஓரத்தில் ஏறும். உங்கள் உடல் திருப்பத்தைத் தாண்டிப் போவதுபோலத் தோன்றும் வரை காத்திருந்து பிறகு திருப்புங்கள். லோடு ஏற்றுவதற்கு முன் காலி மைதானத்தில் பழகுங்கள். அதே நேரம், முன்னால் பார்வை மறைக்க பானட் இல்லை, குறுகலான இடத்தில் திரும்புவது எளிது. இதையும் அண்ணனிடம் சொல்லலாம். முடிந்தால் வண்டி பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள், பம்ப் அடிக்க ஒரு ஆள் வேண்டுமே.

போகும்போது டார்ச், ஸ்குரூடிரைவர், கூலன்ட் சோதனைத் தாள், எண்ணெய் மாதிரி எடுக்கச் சுத்தமான பாட்டில் எடுத்துப் போங்கள். இரண்டாவது வண்டியின் கேபினை உங்கள் முன்னால் முழுசாகச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு தயங்கினாலும் அது இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். என்ஜின் தகட்டையும், சாய்ந்த நிலையில் இரண்டு பக்கக் கீலையும் போட்டோ எடுத்து, புகையின் நிறத்தோடு எனக்கு எழுதுங்கள். எந்த விலைக்கு மேல் போகக்கூடாது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.